பெருமாயிக்குக் கலந்த மருந்து

யாராவது இருமினால் கருப்பண்ணன் நின்றுவிடுவான். கையில் இருக்கும் வாளியைக்கூடக் கீழே வைக்க மாட்டான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த இருமலுக்காகக் காத்திருப்பான். பஸ்ஸில் போகும்போதும் அப்படித்தான், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான். அவன் மனைவி பெருமாயி இதை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

பழக்கம் கோழிப்பண்ணையில் வந்தது. பொழுது சாய்ந்து ஷெட்டில் விளக்கை அணைத்ததும் கோழிகள் அடங்கும். அந்த நேரத்தில் கருப்பண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டு வரிசைகளுக்கு நடுவில் நடப்பான். சளி பிடித்த கோழியின் தொண்டையில் கொரகொர என்று ஒரு சத்தம் வரும். மற்றவர்களுக்கு இறக்கை உதறும் சத்தம்தான் கேட்கும். இவன் வெளியே வந்து, "மூணாவது ஷெட்டுங்க, தெக்கு மூலை" என்பான். மறுநாள் காலையில் அந்த ஷெட்டின் தண்ணீர்த் தொட்டியில் மருந்துப் பொடி கலப்பார்கள். கலப்பவனும் அவன்தான். முதலாளி ஒரு தடவை எல்லோர் முன்னாலும், "கருப்பண்ணன் காது இருக்கறவரைக்கும் எனக்கு டாக்டர் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பண்ணையில் அவன் பெயர் டாக்டர். முதலில் கேலியாகக் கூப்பிட்டார்கள். பிறகு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஆகிவிட்டது.

டாக்டர் கோழியோடு நிற்கவில்லை. பல் வலித்தவனுக்கு, கட்டி வந்தவனுக்கு, காய்ச்சலில் கிடந்த காவல் நாய்க்கு, எல்லோருக்கும் பண்ணையின் மருந்து அலமாரியிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தான். "கோழிக்கு ஒத்துக்கறது மனுசனுக்கு ஒத்துக்காதா? மனுசன் கோழியத்தானே திங்கறான்?" என்பான். பாதிப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். அந்தப் பாதிப் பேரைத்தான் அவன் நினைவில் வைத்துக்கொள்வான்.

பெருமாயி மேச்சேரிப் பக்கத்துக்காரி. ஆடு மேய்த்த குடும்பம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நடைதான். வெயிலில் ஆட்டின் பின்னால் நடந்து நடந்து கால் இரண்டும் உருட்டுக்கட்டை மாதிரி இறுகியிருந்தன. கருப்பண்ணனைக் கட்டிக்கொண்டு நாமக்கல் பக்கம் பண்ணை வேலைக்கு வந்தபோது அந்தக் கால்தான் அவளுக்குச் சோறு போட்டது. முட்டை அட்டைகளை அடுக்கிய தள்ளுவண்டியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அவள் மாதிரி தள்ளுகிறவர்கள் அங்கே இல்லை. பேச்சில் அவள் யாரையும் ஜெயித்ததில்லை. யாராவது உரக்கப் பேசினால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். ஆனால் நடையில் ஆண்பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால்தான்.

ஒரு ஐப்பசி மாதம், முட்டை அட்டையைத் தூக்கும்போது அவளுக்கு நெஞ்சை அடைத்தது. உடம்பெல்லாம் வேர்த்து நனைந்துவிட்டது. முதலாளியின் வேனில் நாமக்கல்லுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி உள்ளே கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"இது கொழுப்பக் குறைக்கற மாத்திரை. ராத்திரி சாப்பிட்டதும் போடணும்."

"எனக்கெங்கீங்க கொழுப்பு? எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது."

"அது வெளிய தெரியற கொழுப்பு இல்லம்மா. ரத்தத்துல ஓடறது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இருக்கும். இப்ப நான் சொல்றதக் கேட்டு, திருப்பிச் சொல்லுங்க. இத நீங்களா நிறுத்தக் கூடாது. நீங்களா ரெண்டாப் போடவும் கூடாது. சளிக்கோ காய்ச்சலுக்கோ வேற எந்த மருந்து சாப்பிடறதுன்னாலும் எங்களக் கேட்டுட்டுத்தான் சாப்பிடணும். சில மருந்து இதோட சேந்தா ஆபத்து. தொடை, தோளு, எங்கயாவது சதை சும்மா வலிச்சாலோ, ஒண்ணுக்குக் கருப்பாப் போனாலோ அன்னிக்கே வந்துடணும். மறுநாள்னு தள்ளக் கூடாது. கிட்னி போயிடும்."

பெருமாயி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். ஒரு இடத்தில் தடுமாறினாள். நர்ஸம்மா மறுபடி சொல்ல வைத்தாள். பண்ணைக்குத் திரும்பும் வழி முழுக்க அவள் உதடு அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தது.

பண்ணையில் சிரிப்புத்தான் வரவேற்றது. "டேய் மாதேஷு, என்ற பொண்டாட்டிக்குக் கொழுப்புன்னு சர்க்காரே சொல்லிப்போட்டுதுடா!" என்று கருப்பண்ணன் கத்தினான். பக்கத்து அறையில் குடியிருந்த மாதேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மனைவி சரிதாவும் சிரித்தாள். பெருமாயி மாத்திரை அட்டையைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டு, உறியில் மாட்டி வைத்தாள். ராத்திரி உண்டு முடித்ததும் ஒன்று. ஒரு நாளும் தவறவிடவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "நல்லாக் குறைஞ்சிருக்கு, இப்படியே சாப்பிடுங்க" என்றார். அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

மார்கழியில் அவளுக்கு இருமல் வந்தது. ஷெட்டில் கோழிகளுக்கும் சளி. இருமுகிறவர்கள் ஷெட்டுக்குள் வரக்கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் பூபதி வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டான்.

"அக்கா, நீங்க வெளிய நில்லுங்க. நின்னாத் தப்பில்ல. ஆனா இங்க ஜோடியாளுக்குத்தான் வேலையும் ஊடும். தை மாசம் புதுக்குஞ்சு எறக்கறப்ப உங்க ஜோடி முழுசா இல்லீன்னா, வேற ஜோடி கேட்டுக்கிட்டு நிக்குது. நாஞ் சொல்லிப்போட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் கருப்பண்ணன் அவள் முன்னால் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டான். "கொரகொரப்பு ஏறியிருக்குது. மூணாவது ஷெட்டுக்கும் இதே சத்தந்தான். அதே மருந்து போதும்."

"வேண்டாமுங்க."

"என்ன வேண்டாம்?"

"அந்த நர்ஸம்மா கேக்காம எதும் திங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்க. நாளைக்கு நாமக்கல்லு போயிக் கேட்டுப்போட்டு வாரேன்."

"நேத்து வந்த வெள்ளைக்கோட்டுக்காரி சொன்னாக் கேப்ப. ஊரே டாக்டருன்னு கூப்படறவன் சொன்னாக் கேக்கமாட்ட. அப்படித்தான்?"

"வேண்டாமுங்க மாமா" என்று அவள் மறுபடியும் சொன்னாள். அவன் சொன்ன ஒன்றுக்கு அவள் இரண்டு தடவை மறுப்புச் சொன்னது அந்த வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கருப்பண்ணன் மேலே பேசவில்லை. கோழியிடம் யாரும் வாக்குவாதம் செய்வதில்லை. மருந்து கலப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். தாகமெடுத்த கோழி, கசப்பு பார்க்காமல் குடித்துவிடும்.

மறுநாள் காலையில், "தண்ணி குடிக்காத, இருமல் ஏறும். நாஞ் சுக்குக் காப்பி வெச்சுத் தாரேன்" என்றான். பெருமாயிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. அன்று அவனே சுக்கைத் தட்டி, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து, லோட்டாவில் ஊற்றிக் கையில் கொடுத்தான். கசந்தது. சுக்கு அதிகமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். சளி பிடித்த நாக்குக்கு எல்லாமே கசப்புத்தான் என்றும் நினைத்தாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, லோட்டா காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "போயி நாமக்கல்லெல்லாம் அலைய வேண்டாம். இதுலயே கேக்கும்" என்றான். இவ்வளவு செய்கிறவன் சொல்லும்போது எப்படித் தட்டுவது? அவள் நாமக்கல்லுக்குப் போகவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் சரிதாவிடம், குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு சொன்னாள். "அவருதாங் கண்ணு காப்பி வெச்சுக் குடுக்கறாரு. நெம்ப நாளைக்கப்பறம் மனசு எளகியிருக்குது."

சரிதா குடத்தின் பக்கம் குனிந்துகொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. "உங்களுக்கு யோகந்தானக்கா. டாக்டரே கையால காச்சி ஊத்தறாரு."

பண்ணை முழுக்கத் தெரிந்திருந்தது. மூன்றாவது ஷெட்டுக்குக் கலக்கும் அதே பொடி, அதே கரண்டி. "கூண்டுல அடைச்சு, நிப்பிள் கொழாய்ல மருந்துத் தண்ணி உடறது ஒண்ணுதான் பாக்கி" என்று கருப்பண்ணன் மாதேஷிடம் சொல்லியிருந்தான். மாதேஷ் அதைத் தீவனம் அரைக்கிற இடத்தில் சொன்னான். பெருமாயி நடந்து போனால் யாராவது கொக்கரித்துக் காட்டுவார்கள். எதற்கென்று தெரியாமல் அவளும் லேசாகச் சிரித்து வைப்பாள்.

இருமல் நின்றுவிட்டது. பூபதி அவளை உள்ளே விட்டான். ஆனாலும் கருப்பண்ணன் காபியை நிறுத்தவில்லை. கோழியைவிட மனுஷி பெரிய உடம்பு, அதனால் கூட நாள் கொடுக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. காலையில் அவன் கொடுத்த காபி. ராத்திரியில் நர்ஸம்மா சொன்ன மாத்திரை. இரண்டையும் அவள் நம்பிக்கையாக விழுங்கினாள். அந்தக் கோழி மருந்து உடம்பில் இருக்கும்போது கொழுப்பு மாத்திரை கழிந்து போகாமல் ரத்தத்திலேயே சேர்ந்துகொண்டு போகும், சேர்ந்தது சதையைச் சிதைக்கும், சிதைந்த சதை சிறுநீரகத்தைப் போய் அடைக்கும் என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். அன்றைக்கு அது அந்தப் பண்ணையில் யாருக்கும் தெரியாது.

முதலில் தொடை வலித்தது. வேலை அதிகம் என்று விட்டாள். பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. மேலே இருக்கும் கூண்டுக்குக் கையைத் தூக்கினால் தோள் கழன்று விழுவது போல் இருந்தது. அவளுக்கு நர்ஸம்மாவின் வார்த்தை வரிசையாக ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, தொடை நோவுது. அந்தம்மா சொன்னாப்பலயே நோவுது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணுமுங்க."

"கோழி ஏத்தற வாரம் வந்தா உனக்கு எங்கயாச்சும் நோவும்" என்றான் கருப்பண்ணன்.

முட்டை நின்றுபோன பழைய கோழிகளைக் கறிக்கு அனுப்பும் வாரம் அது. பண்ணையில் ஒரு கைகூட மிச்சமிருக்காது. அவள் பூபதியிடம் போய் நின்றாள். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏத்தி முடிச்சுட்டுப் போங்கக்கா, யாரு வேண்டாங்கறது?" என்றான். மகள் சித்ராவுக்குப் போன் போடக் கேட்டாள். "ராசிபுரத்துல கெடக்கற புள்ளையப் பயமுறுத்தாத" என்று கருப்பண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் மறுநாளும் வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். தள்ளுவண்டியைத் தள்ளவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதுதான் சரி.

கூண்டிலேயே கிடந்து, முட்டையிட்டு முட்டையிட்டு எலும்பு இற்றுப்போன கோழிகளுக்குக் கடைசியில் நிற்க வராது. அவற்றைக் கால் போன கோழி என்பார்கள். ஏற்றும்போது அவற்றைத் தனியாக ஓர் ஓரத்தில் வீசுவார்கள். லாரி வந்த அன்று காலையில், பெருமாயி கையில் பிடித்த கோழியோடு நடைபாதையில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை.

"டாக்டரே, இங்க ஒண்ணு காலு போயிக் கெடக்குது. தனியாப் போடறதா, லாரியில ஏத்தறதா?" என்று மாதேஷ் குரல் கொடுத்தான்.

"தூக்கிப் பாரு, எடை நிக்குதான்னு" என்றான் கருப்பண்ணன்.

ஷெட் முழுக்கச் சிரித்தது. சரிதாதான் கை கொடுத்துத் தூக்கினாள். பெருமாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஒதுங்கப் போனாள். அங்கே, சிமெண்டுத் தரையில் தன் சிறுநீரைப் பார்த்தாள். கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஓடியது.

அவள் திரும்பி வந்தாள். ஆண்பிள்ளைகள் முன்னால் வாயில் முந்தானை வைத்து நிற்கிறவள், இத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டுச் சொன்னாள். "ஒண்ணுக்குக் கருப்பாப் போகுதுங்க. நாஞ் செத்துப் போவேனுங்க. என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

யாரோ ஒருவன் சேவல் மாதிரி கூவினான். கருப்பண்ணன் முகம் சிவந்தது. "மானத்த வாங்காத. போயி ஓரமா உக்காரு."

அவள் உட்காரவில்லை. மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிவிடலாம் என்று தனியாகக் கிளம்பினாள். ஷெட்டுச் சுவரைப் பிடித்து, வேப்பமரத்தைப் பிடித்து, கேட் வரைக்கும் போனாள். அங்கே வண்டிச் சக்கரம் நனைந்து போவதற்காக மருந்துத் தண்ணீர் தேக்கிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பள்ளத்திலேயே விழுந்தாள்.

கோழி ஏற்றிய லாரி வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் சங்ககிரிப் பக்கத்து ஆள், பண்ணைக்குப் புதிது. இறங்கி வந்து பார்த்தவன், "யாரு ஊட்டுப் பொம்பளைங்க இது, தண்ணியில கெடக்குது?" என்று கத்தினான். கருப்பண்ணன் வந்து, "சும்மா நடிக்கறாப்பா, நீ வண்டிய எடு" என்றான்.

"நடிக்கறவ மூக்குக்குள்ள தண்ணி போறது தெரியாமயா கெடப்பா? தூக்குய்யா. நீயும் ஏறு. நாமக்கல்லு ஆஸ்பத்திரியில எறக்கிப்போட்டுத்தான் நாம் போவேன்."

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் கேட்டார். "மாத்திரை தவிர வேற என்ன மருந்தும்மா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சாமி. கேக்காம ஒண்ணுந் திங்கலீங்க."

டாக்டர் கருப்பண்ணனைப் பார்த்தார். அவன் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தான். பண்ணை மருந்து என்று சொன்னால் முதலாளி பெயர் வரும். முதலாளி பெயர் வந்தால் டாக்டர் என்ற பெயர் போகும். "மாத்திரைய ரெண்டு மூணாப் போட்டு முழுங்கியிருப்பாளுங்க. படிக்காதவ" என்றான்.

"யாரும்மா உங்கள அளவு மீறிச் சாப்பிடச் சொன்னது? இது என்ன மிட்டாயா?" என்று டாக்டர் சத்தம் போட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமாயி தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். யாரும் நம்பவில்லை. சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கழுத்தில் குழாய் போட்டு, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வருகிற நர்ஸெல்லாம், "ஓவர் டோஸ் கேஸ்" என்று அவளைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்துச் சரிதா வந்தாள். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் போர்வையைச் சரி செய்தாள். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அந்தக் காப்பியில அவரு கோழி மருந்தக் கலந்து குடுத்தாரு. எங்களுக்கெல்லாம் தெரியும். வெளையாட்டாத்தான் நெனச்சோம்."

பெருமாயி, "நர்ஸம்மாவக் கூப்புடு" என்றாள். சரிதா பண்ணை அலமாரியில் இருக்கும் பொட்டலத்தைப் படம் பிடித்துச் செல்போனில் வைத்திருந்தாள். அங்கிருந்த பெண் டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். இதுதான், கொழுப்பு மாத்திரையோடு சேரவே கூடாத வகை என்றார். சீட்டில் ஓவர் டோஸ் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். மாலையில் வந்த கருப்பண்ணனை வார்டு வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"நல்லதுக்குத்தானுங்க குடுத்தேன்" என்றான் அவன். "இருமல் நின்னுச்சா இல்லீங்களா, அவளையே கேளுங்க."

அந்த அம்மா என்னவெல்லாமோ திட்டினார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். திட்டு முடிந்ததும் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். பெருமாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எல்லாருக்குந் தெரியுமாங்க?"

"சும்மா தமாசுக்குச் சொன்னது" என்றான்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்புவதற்கும் சரிதா பிடித்துவிட வேண்டியிருந்தது.

தையில் புதுக்குஞ்சு இறக்கினார்கள். கருப்பண்ணன், புருஷனை இழந்த தன் தங்கை சின்னாயியை அழைத்து வந்து பூபதி முன்னால் நிறுத்தினான். ஜோடி என்றால் இரண்டு ஆள். புருஷன் பொண்டாட்டியா என்று யாரும் கேட்கவில்லை. வீடு போகவில்லை, வேலையும் போகவில்லை. பண்ணையில் அவனை இன்னும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனைவியைப் பற்றி யாராவது கேட்டால், கொழுப்பு மாத்திரை தின்றவர்களுக்கெல்லாம் கால் போய்விடும், அதை யாரும் தொடாதீர்கள் என்கிறான். சர்க்கரையும் கொழுப்பும் உள்ள மாதேஷ் அதைக் கேட்டுத் தன் மாத்திரையை நிறுத்திவிட்டான்.

பெருமாயி இப்போது ராசிபுரத்தில் மகள் சித்ராவின் வீட்டில் இருக்கிறாள். சிறுநீரகம் ஓரளவு மீண்டுவிட்டது, இப்போது இயந்திரம் தேவைப்படவில்லை. கால் மீளவில்லை. கட்டிலிலிருந்து கழிவறைவரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறாள், படி ஏற முடியாது. நெஞ்சில் கம்பி இருப்பதால் கொழுப்பைக் குறைக்காமல் விட முடியாது என்று டாக்டர்கள் வேறு வகை மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்திருக்கிறார்கள். அதை ராத்திரி உண்டதும் போட்டுக்கொள்கிறாள். அவ்வப்போது ஆட்டோ வைத்து, மருமகன் இனியன் அவளைத் தூக்கி உட்கார வைத்து, ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறான். கருப்பண்ணன் வந்து பார்ப்பதில்லை.